மாமனார் ரிவால்வர், மாப்பிள்ளை பிஸ்டல்

டிரிகர் அசையவில்லை.

வேதவல்லி அக்கா இரண்டாவது முறை அழுத்திப் பார்த்தார். முன்னங்கை நரம்பு புடைத்தது, அவ்வளவுதான். ரிவால்வரின் உருளை இருந்த இடத்திலேயே நின்றது. துப்பாக்கி முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோளாறு.

"பத்து நிமிஷம்மா," என்றார் ரேஞ்ச் ஆபீசர் அந்தோணி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "அதுக்கு மேல நான் பேச மாட்டேன். இது பேசும்."

சுடுகிறவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் கயிறு. அதற்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். அக்கா கையை இறக்கியபோது அவர் விரல் நுனியில் வெள்ளையாக ஒரு தீற்றல் தெரிந்தது.

அந்த வெள்ளையை முப்பது வருஷமாக நான் தினமும் பார்க்கிறவன்.

ஒரு அப்பா, இரண்டு துப்பாக்கி

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு நான் பீங்கான் அச்சு மெக்கானிக் என்பது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் அக்காவின் பீங்கான் கம்பெனியில் எனக்கு வேலை. ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலுப் பொம்மை, எது செய்தாலும் அச்சு என் கையைத் தாண்டித்தான் போகும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மெஷின் எல்லாம் பிரித்துப் பார்த்துக் கற்றதுதான். பேச்சு மட்டும் பிறவியிலேயே வந்தது.

கம்பெனியை ஆரம்பித்தவர் அக்காவின் அப்பா. பெரிய முதலாளி என்று கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனுஷர் வேறு ஆளாகிவிடுவார். தொப்பி மாட்டிக்கொண்டு கிளப்புக்குப் போய்க் குறி பார்த்துச் சுடுவார். லைசென்ஸோடு இரண்டு கைத்துப்பாக்கி வைத்திருந்தார். ஒன்று வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வர். நடுவில் ஒடித்துத்தான் திறக்கவேண்டும். உள்ளே ஆறு அறை கொண்ட உருளை. இன்னொன்று பிஸ்டல். தோட்டா அடுக்கிய மேகசினைப் பிடிக்குள் செருகுகிற வகை. ஒரு தோட்டா வெடித்ததும் காலித் தோட்டாவைத் தானே துப்பிவிட்டு அடுத்ததைத் தானே இழுத்துக்கொள்ளும். அதுவும் பழசுதான். ஆனாலும் ரிவால்வருக்குப் பக்கத்தில் வைத்தால் இளவட்டம் மாதிரி மினுக்கும்.

அவர் காலமானதும் பிள்ளைகள் இரண்டு பேரும் முறைப்படி மனுப் போட்டு ஆளுக்கு ஒன்றாக லைசென்ஸ் மாற்றிக்கொண்டார்கள். தம்பி சேகர் பிஸ்டலை எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு ரிவால்வர்.

"நல்லதைப் பார்த்து எடுத்துக்கடா," என்று அக்காவேதான் சொன்னார்.

"எடுத்துட்டன். ஒனக்குத்தான் ஓட்டை மாட்டுவண்டி," என்றார் சேகர்.

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு அது. ரிவால்வரா, பிஸ்டலா, நம்பி கையில் எடுக்க எது? வருஷக் கணக்கில் சாப்பாட்டு நேரத்தில், கார் பயணத்தில், காது குத்துக் கல்யாணத்தில்கூட ஓடியது.

சூளையடித் தீர்ப்பு

சேகர் சார் கட்சி சாதாரணமானது இல்லை. "ஒன்னுது நின்னுபோச்சுன்னா ஸ்பேனர் எடுத்தாவணும். என்னுது நின்னுபோச்சுன்னா மேல கட்டைய இழுத்து வுட்டா போதும், ரெண்டு செகண்டு," என்பார். உண்மைதான். அவர் பிஸ்டல் அடிக்கடி நிற்கும். காலித் தோட்டா முழுசாக வெளியே போகாமல் வாயில் நட்டுக்கொண்டு, நம் சூளைப் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும். இழுத்துவிடுவார், விழுந்துவிடும், அடுத்தது தயார். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

அக்கா கட்சி இன்னொன்று. "ஒன்னுதுக்கு மேகசின் ஒதடு கொஞ்சம் வளைஞ்சாலும் கோவம், ஸ்பிரிங்கு தளர்ந்தாலும் கோவம், தோட்டா பழசானா அதுக்கும் கோவம். என்னுது எதையும் கேட்கறதில்ல. ஒரு தோட்டா செத்துப் போயிருந்தா மறுபடி டிரிகர அழுத்து, அடுத்த அறை வந்து நிக்கும்."

ஒருநாள் இந்த வழக்கு சூளைக்குப் பக்கத்தில் நடந்தது. எங்கள் சூளைக்காரர் எல்லப்பன் சேத்தியாத்தோப்பிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். தூக்குவாளி மூடியில் டீயை ஊற்றிக்கொண்டே இரண்டு கட்சியையும் கேட்டார். துப்பாக்கியைத் தொட்டதே இல்லாத மனுஷர் சொன்னார்:

"பிஸ்டலு மாப்ள மாதிரிங்க. எல நறுக்கா போடணும், சோறு பதமா இருக்கணும், ஒண்ணு கொறஞ்சா மூஞ்சியத் தூக்கிடுவாரு. ரிவால்வரு மாமனாரு மாதிரி. பழசப் போட்டாலும் சாப்டுட்டு எந்திரிச்சிப் போயிடுவாரு."

அக்கா கை தட்டிச் சிரித்தார். சேகர் சார் முகம் சுருங்கியது. எல்லப்பன் டீயைக் குடித்து முடித்துவிட்டு மீதியையும் சொன்னார்.

"ஆனா மாப்ள கோவம் ரெண்டு நிமிஷந்தான். மாமனாரு கோவிச்சிக்கினா பஞ்சாயத்து வைக்கணும்."

இப்போது சேகர் சார் கை தட்டினார்.

ஜனங்கள் வாயிலிருந்து விழுகிற இப்படிப்பட்ட பேச்சை நாள்காட்டித் தாளின் முதுகில் எழுதி வைப்பது என் பழக்கம். அன்றைய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. துப்பாக்கி பற்றி அதற்கப்புறம் நான் கேட்ட எதுவும் அதைத் தாண்டிப் போகவில்லை.

ஒரே ஒரு இடம்

அக்கா ஒன்றும் பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர் இல்லை. ஞாயிறு தவறாமல் வருவார். சூளை சூட்டைப் பார்த்தே கணிக்கிற கண்; குறியும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மாநிலப் போட்டிக்குப் போகிற மூன்று பேர் அணியில் ஒருமுறைகூட அவர் பெயர் வந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் கமிட்டியில் ஒரே பதில். "சுடறது நல்லாதான் சுடறீங்க. பழைய ரிவால்வரு, அங்க போயி நடுவுல நின்னுட்டா டீம் மொத்தமும் தலகுனியணும்."

நான் சொல்லுகிற வருஷம், நாலைந்து வருஷத்துக்கு முந்தியது, அக்கா கமிட்டி முன்னால் நேராகவே கேட்டுவிட்டார். "அது நின்னு பார்த்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. அதனால் ஒரு முடிவு செய்தார்கள். இரண்டு பேர் தேர்வாகிவிட்டார்கள். மூன்றாவது இடத்துக்கு அக்காவும் சேகர் சாரும் நேருக்கு நேர். ஆளுக்கு முப்பது தோட்டா, ஐந்தைந்தாக ஆறு சுற்று. நின்றுபோன துப்பாக்கியைக் கையால் திறந்தாலோ இழுத்தாலோதான் அது கோளாறு. ஒரு கோளாறு மன்னிப்பு, சரிசெய்யப் பத்து நிமிஷம். இரண்டாவது வந்தால் அந்தச் சுற்றில் மிச்சம் போச்சு. துப்பாக்கியில் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், சுற்றுக்கு ஐந்துதான் சுடவேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: பத்து நிமிஷத்துக்குள் ரிவால்வர் எழுந்திருக்காவிட்டால், இனிமேல் அணித் தேர்வுக்கே பழைய ரிவால்வர் வரக்கூடாது.

அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். காரில் வரும்போது என்னிடம் சொன்னார்: "ராசு, ஜெயிக்கலன்னாகூட பரவால்ல. மக்கர் பண்ணுச்சுன்னு மட்டும் ஒருத்தன் சொல்லிடக் கூடாது."

அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டுதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

சனிக்கிழமை செய்த வேலை

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ரசீது வாங்கிக்கொண்டு வந்து, தேர்தல் முடிந்ததும் திரும்ப வாங்குவோம். அந்தத் தடவை அப்படித்தான் ரிவால்வர் சில வாரம் உறையிலேயே கிடந்தது. திரும்பி வந்தபோது எண்ணெய் காய்ந்து பிசுக்காகியிருந்தது. தோல் உறையின் சாயம் வேறு ஒட்டியிருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் அக்கா வூட்டுக் கூடத்தில் துடைக்க உட்கார்ந்தேன். லைசென்ஸ் அவர் பெயரில், அவர் கண்ணெதிரேதான் தொடுவேன். மண்ணெண்ணெய் விட்டுப் பிசுக்கை எடுத்தேன். புதிதாக மெல்லிய எண்ணெய் பூசினேன். இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

அக்காவுக்கு உள்ளங்கை வியர்க்கும். பிடி நழுவக்கூடாதே என்று என் டப்பாவைத் திறந்தேன். அச்சுக்குள் களிமண் ஒட்டாமல் இருக்கத் தூவுகிற வெள்ளைப் பொடி. பிடியில் கொஞ்சம் தூவினேன். அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு லாரிக்காரன் போன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கை சும்மா இருக்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம். எதைத் திறந்தாலும் மூடுவதற்கு முன்னால் ஒரு சிட்டிகை தூவித் தட்டிவிட்டு மூடுகிற கை. ரிவால்வரை ஒடித்துத் திறந்தது, தூவியது, தட்டியது, மூடியது. எனக்கே தெரியாமல் நடந்தது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

எண்ணெயில் குழைந்த பொடி, மேலே சூடு. இது மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இறுகும். அதை வைத்துத்தான் ஊரே சாப்பிடுகிறது.

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

ரேஞ்ச் நல்லூர் போகிற வழியில், கல் எடுத்துவிட்டுப் போட்ட ஒரு பழைய குழிக்குள் இருக்கிறது. மூன்று பக்கமும் பாறை. பத்து மணிக்கே அனல் அடிக்கும்.

முதலில் சேகர் சார் சுட்டார். இரண்டாவது சுற்றில் பிஸ்டல் வழக்கம்போலப் புகைபோக்கி வைத்தது. இழுத்துவிட்டார், போயிற்று. பத்து நிமிஷம் கொடுத்த இடத்தில் மூன்று செகண்டுகூட ஆகவில்லை. "பார்த்துக்க!" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அதற்கப்புறம் நாலு சுற்றும் பிஸ்டல் தங்கமாக நடந்துகொண்டது. மொத்தம் முன்னூறுக்கு இருநூற்று அறுபத்தாறு. அவர் வாழ்நாளில் சுட்ட அதிகம் அதுதான்.

அக்கா ஐந்து சுற்று முடித்தபோது இருநூற்று இருபத்தொன்று. கடைசிச் சுற்றில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு வேண்டும். ஆறு அறையிலும் தோட்டா போட்டார், மூடினார், தூக்கினார்.

டிரிகர் அசையவில்லை.

"மாமனாரு கோவிச்சிக்கிட்டாரு டோய்!" என்றது ஒரு குரல். எல்லப்பன் பேச்சு கிளப் வரைக்கும் வந்திருந்தது. சிரிப்பு. சேகர் சார் சிரிக்கவில்லை. "ஏன்க்கா, ஸ்பிரிங்கா?" என்று கேட்டார்.

அக்கா ரிவால்வரைத் திறந்து ஆறு தோட்டாவையும் எடுத்து மேசையில் நிறுத்திவைத்தார். உருளையைச் சுற்றிப் பார்த்தார். காலியாக இருந்தால் கரகரவென்று சுற்றியது. தோட்டா போட்டு மூடினால் இறுகிக்கொண்டது. மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. மூன்று நிமிஷம் போயிற்று.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உருளையின் பின்பக்கம் நட்சத்திரம் மாதிரி ஒரு தகடு உண்டு. துப்பாக்கியைத் திறக்கும்போது அதுதான் எழும்பி வந்து காலித் தோட்டாக்களைத் தள்ளும். மூடும்போது தன் குழியில் சரியாக உட்கார்ந்துகொள்ளும். அதற்கு அடியில் அரிசி முனை அளவு ஏதாவது இருந்தால் போதும். தகடு முழுசாக உட்காராது. மேலே இருக்கிற தோட்டா எல்லாம் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு பின்சுவரில் உரசும். உருளை நின்றுவிடும். எந்த உப்பும் சப்பும் இல்லாத சோற்றைக்கூடச் சாப்பிடுகிற மாமனார், பாய்க்கு அடியில் ஒரு பரல் கிடந்தால் உட்கார மாட்டார். அந்தப் பரலைப் போட்டவன் நான்.

சொல்ல வேண்டும். சொன்னால் கிளப் முழுக்கத் தெரிந்துவிடும். துப்பாக்கி மெக்கானிக் என்று நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம் அன்றோடு போய்விடும். சொல்லாவிட்டால்? வெடிமருந்துக் கரி என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். பழசு, அப்படித்தான் என்பார்கள். நான் தப்பித்துக்கொள்வேன்.

ஐந்து நிமிஷம்.

"ஹவில்தார் ஐயா, நான் பேசலாமா?" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"தொடக் கூடாது. பேசிக்க."

"அக்கா! அந்த நட்சத்திரத்துக்கு அடியில பாருங்க. பொடி இருக்கும். நம்ம அச்சுப் பொடி. நாந்தான் போட்டன்!"

பாறை மூன்று பக்கமும் என் சத்தத்தைத் திருப்பி அனுப்பியது. நாந்தான் போட்டன், நாந்தான் போட்டன்.

அக்கா திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. ஒரு நொடிதான். அப்புறம் தலையில் கையை வைத்துக் கொண்டை ஊசி ஒன்றை உருவினார். நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் ஊசியை விட்டுச் சுரண்டினார். பல்லுக்குள் கல் மாட்டின சத்தம். வெள்ளையும் கறுப்புமாகப் பொருக்கு உதிர்ந்தது.

"பொருக்கு வருது. தூளு போவ மாட்டேங்குது," என்றார். இரண்டாவது ஊசியையும் உருவினார். அதுவும் வளைந்தது. கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது.

என் சட்டைப் பையில் பிரஷ் இருந்தது. பளபளப்புக்குக் கிளேஸ் பூசுவதற்கு முன்னால் சாமான்மேல் தூசு தட்டுகிற பிரஷ். பிரஷ் இல்லாமல் நான் கோயிலுக்குக்கூடப் போகிறதில்லை. எடுத்து நீட்டினேன். அந்தோணி வாங்கினார், மயிரை விரித்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இதால எத்தன நாளா வேல?"

"பதினஞ்சு வருசமா ஐயா."

"துப்பாக்கிய வுட வயசு கம்மிதான்," என்று சொல்லி அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா நட்சத்திரத்தின் குழியைப் பிரஷ்ஷால் துடைத்தார், ஊதினார், மறுபடி துடைத்தார். ஆறு தோட்டாவையும் போட்டு மூடினார். தலைமுடி முகத்தில் விழுந்தது. இரண்டு ஊசியும் வளைந்து கிடந்தன. யோசிக்கவே இல்லை. முடியை ஒரு சுருட்டுச் சுருட்டி, என் பிரஷ்ஷை அதில் குறுக்கே செருகினார்.

"எட்டரை நிமிஷம்," என்றார் அந்தோணி. "சுடலாம்."

செத்த தோட்டா

ஒன்பது. தொலைநோக்கியில் பார்த்தவர் சொல்லச் சொல்ல நான் விரல் மடக்கினேன். பத்து. மறுபடி ஒன்பது.

நாலாவது, 'டிக்'.

அவ்வளவுதான். வெடிக்கவில்லை. காதை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை எடுத்தார்கள். தோட்டா செத்துவிட்டது. பிஸ்டலாக இருந்தால் கையால் இழுத்துத் துப்ப வைக்கவேண்டும். அது இரண்டாவது கோளாறு, மிச்சம் போச்சு.

"அசையாத," என்றார் அந்தோணி. சில சமயம் தாமதித்து வெடிக்கும், அதனால் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர் எண்ண ஆரம்பித்தார். ஒன்றிலிருந்து முப்பது வரை. அக்கா கை நீட்டியபடி நின்றார். முழங்கை நடுங்க ஆரம்பித்தது. கொண்டையில் என் பிரஷ்ஷும் சேர்ந்து நடுங்கியது. இருபது. இருபத்தைந்து. எனக்குப் பக்கத்தில் யாரோ "புடிச்சிக்கக்கா, புடிச்சிக்க" என்று முணுமுணுத்தார்கள். திரும்பினால் சேகர் சார்.

"முப்பது. ம்."

அக்கா திறக்கவில்லை, தொடவில்லை. மறுபடி டிரிகரை அழுத்தினார். உருளை ஒரு அறை நகர்ந்தது. மாமனார் கெட்டுப்போன கவளத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டார்.

ஒன்பது.

ஆறாவது அறைதான் கடைசி. அதுவும் செத்துப்போயிருந்தால் கதை முடிந்தது. அக்கா மூச்சைப் பாதி விட்டார், நிறுத்தினார்.

வெடிச்சத்தம் பாறையில் மோதி உருண்டது. தொலைநோக்கிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பத்துங்க."

நாற்பத்தேழு! இருநூற்று அறுபத்தெட்டு! நான் எப்போது கயிற்றைத் தாண்டி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. அந்தோணி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "மொதல்ல காலி பண்ணட்டும்யா!" என்று கத்தினார். அக்கா திறந்தார். நட்சத்திரம் எழும்பி வந்தது. ஐந்து காலித் தோட்டாவும் ஒரு செத்த தோட்டாவும் மேசையில் விழுந்து உருண்டன. அந்தச் சத்தத்துக்குக் கோயில் மணி தோற்றது.

சேகர் சார்தான் முதலில் போய் அக்கா கையைப் பிடித்தார். "சரி தாயே, ஒத்துக்கறன். ஆனா பஞ்சாயத்து வச்சிதான எழுப்புன?"

"வச்சேன். ஒன்னுதா இருந்தா அந்த நாலாவது தோட்டாவுல பந்தியவுட்டே எந்திரிச்சிப் போயிருக்கும்."

"அது வாஸ்தவம்," என்றார் அவர். இத்தனை வருஷ வழக்கில் இரண்டு பேரும் ஒரே நாளில் தோற்று, ஒரே நாளில் ஜெயித்தார்கள். எல்லப்பன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டு அக்கா முன்னால் போய் நின்றேன். "அக்கா, அந்தப் பொடி டப்பாவ..."

"டப்பா அச்சுக் கொட்டகையவுட்டு வெளிய வரக் கூடாது. வந்துச்சு, ஒன்னையே சூளையில வச்சிடுவன்," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இவ்ளோ பேருக்கு நடுவுல சொன்ன பாரு," என்றார்.

அந்தோணி அணிப் பட்டியலை நீட்டிப் பெயரைப் படித்தார். மூன்றாவது இடம், வேதவல்லி. அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்ட, அக்கா நடந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். குனிந்தபோது கொண்டையில் என் தூசு தட்டுகிற பிரஷ், ராணி தலையில் கிரீடம் மாதிரி நிமிர்ந்து நின்றது.

கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தலையைத் தொட்டுப் பார்த்தார். எடுத்துக் கொடுப்பார் என்று கையை நீட்டினேன்.

"இது எதுக்கு ஒனக்கு? லைசென்ஸுல இதையும் ஏத்திடப் போறேன்," என்றார்.

மாநிலப் போட்டிக்கும் அது அவரோடு போயிற்று. நான் வேறு பிரஷ் வாங்கிக்கொண்டேன்.